பழைய ஆம்னியில் மலையேறப் போகிறீர்களா? எஞ்சினில் கை வைக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

மதுரையிலிருந்து கொடைக்கானல் 120 கிலோமீட்டருக்குள்தான். பள்ளி லீவு நெருங்கினால் பழைய ஆம்னிக்காரர்கள் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். "வண்டி இழுக்கலண்ணே, வேற எஞ்சின் போட்டுருவமா?" நானும் அப்படிக் கேட்டவன்தான். மெக்கானிக் பதிலே சொல்லவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்துக் காட்டினார். துணியில் மிளகாய்த்தூள் தூவினாற்போல் துரு. "எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அதுக்குச் சாப்பாடு போய்ச் சேரல."

எடுத்ததும் எஞ்சினைக் குறை சொல்வதுதான் முதல் தவறு. 1984-ல் மாருதி வேன் என்று வந்து 2019 வரை ஓடிய வண்டி இது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலு கியர். புதிதாக இருந்தபோதே சிங்கம் இல்லை. ஆனால் இப்போது காணாமல் போயிருக்கும் இழுவையில் பெரும்பங்கு டேங்கிலும் ஹோஸிலும்தான் தொலைந்திருக்கும். வேப்பமரத்தடியில் மாதக்கணக்கில் அரை டேங்கோடு நின்ற வண்டி என்றால் உள்ளே ஈரம் இறங்கித் துருப்பிடித்திருக்கும். கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை குண்டூசி அளவுதான். ஒரு துகள் போதும். டேங்கை இறக்கி, உள்ளே ஒரு துண்டு சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கி, நன்றாக அலசிக் காயவைத்துவிட்டுத்தான் கார்பரேட்டர் பக்கம் போக வேண்டும். ஓட்டை இருக்கிறது என்று டேங்கை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

அடுத்தது சூடு. ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, காற்று அவ்வளவாகப் படாத இடம். மே மாத மதியத்தில் தேனி ரோட்டில் போய், ஆண்டிபட்டியில் டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். திரும்ப சாவி போட்டால் சுற்றும், பிடிக்காது. பம்ப்பிலும் லைனிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி நிற்கும். பம்ப்பின்மேல் ஈரத்துணி போர்த்திக் காத்திருப்பது நம்மூர் வைத்தியம், வேலையும் செய்யும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் லைனைச் சைலன்சருக்குத் தள்ளி இழுத்து, சூடு தாங்கும் உறை போட வேண்டும்.

பலர் இங்கேதான் வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். "எலக்ட்ரிக் பம்ப் போட்டா சரியாயிரும்" என்று யாரோ சொல்ல, எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலிருந்து (கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் வண்டி) கழற்றிய பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். அந்தப் பம்ப் தள்ளுவது கிட்டத்தட்ட 3 பார் அழுத்தம். கார்பரேட்டர் தாங்குவது 0.3 பார் வரைதான். கார்பரேட்டர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசியால் அதைத் தடுக்க முடியாது. பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின்மேல் கொட்டும். அதற்கு மேலேதான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எலக்ட்ரிக் பம்ப் வேண்டுமென்றால் கார்பரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்ப் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் நின்றால் பம்ப்பும் தானாக நிற்கும்படி ஒரு ரிலேவும் சேர்த்து வையுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2023-லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கி, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், விரிசல் விடும். பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரமுக்கும் இதே கதிதான். டேங்கில் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டரில் ஃபில்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டே வாங்க வேண்டும். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றில்லை.

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்து வழக்கம். "மதுரை வெயிலுக்கு அது எதுக்கு?" எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் குடிக்கும், ஆயில் கெடும். அதோடு போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வீட்டுக் குடத்தின் அடியில் படிகிற உப்பு ரேடியேட்டர் குழாயை மட்டும் விட்டுவைக்குமா? காட்ரோடு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் சூடு காட்டும் முள் மேலே போகும், டம்டம் பாறைக்குள் எஞ்சின் மூடியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். கூலன்ட்டும் நல்ல தெர்மோஸ்டாட்டும் அந்தச் செலவில் ஒரு துளிதான்.

இத்தனைக்கும் பிறகும் இழுக்கவில்லையா? அப்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். மூன்று சிலிண்டருக்கும் இடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வு, ரிங் வேலை பார்க்கலாம். ஆல்டோ எஞ்சினும் 796 சிசிதானே, அப்படியே உட்காரும் என்று நினைக்காதீர்கள். ஆல்டோவில் எஞ்சின் குறுக்காக நிற்கும், முன்சக்கரம் இழுக்கும். ஆம்னியில் நீளவாட்டில் இருக்கும், பின்சக்கரம் தள்ளும். மவுன்டிங்கிலிருந்து எல்லாமே லேத் வேலைதான். ஏற்றத்தில் கிடைக்கும் வேகத்தை இறக்கத்தில் பழைய பிரேக்தான் பிடிக்க வேண்டும், அதையும் யோசியுங்கள்.

எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதற்குத்தான். பில் இல்லாத பழைய எஞ்சின், ஆர்.சி.யில் ஏறாத கேஸ் கிட் இரண்டும் எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் மாட்டும். வீட்டு கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டுகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை.

வேலை முடிந்த மறுநாளே கொடைக்குக் கிளம்புவதும் தவறுதான். முதலில் அழகர்கோவில் வரை போய்வாருங்கள், அப்புறம் நத்தம். திரும்பியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: இளம்பழுப்பு என்றால் சரி, கரி என்றால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, சூடு ஏறுகிறது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கார்பரேட்டர் வண்டி கொஞ்சம் கறுப்பாகப் புகைவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து கொடையிலேயே கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிவிட்டால், மதுரைக்கு இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்கே திருப்பி வையுங்கள்.