ஸ்டாண்டர்ட் ஹெரால்டா, டிரையம்ஃப் ஹெரால்டா, கேஸலா? பேட்ஜைப் பார்க்காமல் கண்டுபிடிக்கும் வழி

பழைய கார் ஒன்று கண்ணில் பட்டதும் எல்லோரும் முதலில் படிப்பது பானெட்டின் மேலுள்ள எழுத்தை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நின்று காலம் கழித்தவன் நான். பேட்ஜ், கிரில், விளக்கு, பம்பர் எல்லாம் காசு கொடுத்தால் கையில் கிடைப்பவை. எந்த வண்டியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும், பின்சக்கரங்களைச் சுழற்றும் பின் ஆக்சிலும் அப்படி லேசில் மாறுவதில்லை. ஆகவே அடையாளம் தேடுகிறவர் கீழேயிருந்து தொடங்க வேண்டும்.

நான் நன்கு அறிந்த ஹெரால்டை வைத்தே சொல்கிறேன். இத்தாலியர் ஜியோவான்னி மிக்கலோட்டி வடிவமைத்த டிரையம்ஃப் ஹெரால்ட் பிரிட்டனில் 1959-இல் வந்தது. 1961 முதல் மதராஸில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் தயாரானது. அந்தக் காலத்துப் புதிய கார்கள் பலவற்றிலும் உடலே சேஸிஸாக இருந்தபோது, ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ். அதன்மேல் உடல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. தொலைதூர நாடுகளுக்குப் பாகங்களாக அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ள இது வசதி. மதராஸ்காரர்கள் பின்னாளில் துணிந்து கதவுகளைக் கூட்டியதற்கும் இந்தச் சேஸிஸ் கைகொடுத்தது.

கதவுகளை எண்ணுங்கள். பிரிட்டனில் ஹெரால்ட் இரண்டு கதவு சலூன் (நிலையான கூரையுள்ள சாதாரண கார்), கூபே (தாழ்ந்த கூரையுள்ள இரண்டு கதவு கார்), திறந்த கார், எஸ்டேட் (பின்னால் சாமான் ஏற்ற நீண்ட கூரையுள்ள கார்) என்று வந்ததே தவிர, நான்கு கதவு சலூன் வரவே இல்லை. 1960-களின் பிற்பகுதியில் அதைச் செய்தது நம் ஊர்த் தொழிற்சாலை. ஐந்து கதவு எஸ்டேட்டும் இங்கேதான் பிறந்தது. எனவே நான்கு கதவு ஹெரால்டை யாராவது 'லண்டனிலிருந்து வந்த வண்டி' என்றால் மரியாதையாகச் சந்தேகப்படலாம். ஆனால் இரண்டு கதவு என்பதாலேயே இறக்குமதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடக்க கால மதராஸ் வண்டிகளுக்கும் இரண்டு கதவுதான்.

அடுத்தது எஞ்சின். மதராஸ் ஹெரால்ட் கடைசிவரை 948 சி.சி.யிலேயே நின்றது. பிரிட்டனில் 1961-இல் 1147 சி.சி.யும், 1967-இல் 1296 சி.சி.யும் வந்துவிட்டன. மூன்றுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், ஒன்றே: 76 மி.மீ. வேறுபடுவது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம் மட்டும்: முறையே 63, 69.3, 73.7 மி.மீ. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் பிஸ்டன் அளவைக் கேளுங்கள். உரிமையாளர் பழைய பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் இன்னும் நல்லது. ரீபோர் செய்த, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திய எஞ்சினில் அளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடியிருக்கும், பதற வேண்டாம். 64 என்றாலும் அது 948 குடும்பம்தான். 69-ஐத் தொட்டால் கதை வேறு. அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கலாம்.

பிறகு பின்பக்கம். என் கணக்கில் இதுதான் தீர்ப்புச் சொல்லும் இடம். ஹெரால்டின் பின்சக்கரங்களுக்கு இடையே ஒரே இரும்புத் தண்டாக ஆக்சில் ஓடாது. நடுவில், இரு பின்சக்கரங்களுக்கும் எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு முடுக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் தனித்தனி அரைத் தண்டுகள் மேலும் கீழும் ஊசலாடும். அவற்றின் மேலே குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். பின்சக்கரங்களின் அடிப்பகுதி ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடங்கும். இறக்கிய பிறகும் உடனே நிமிராது. நாலடி உருட்டினால்தான் நிமிரும். அறியாதவர்கள் 'ஆக்சில் வளைந்துவிட்டது' என்று பயப்படுவார்கள். நமக்கு அது அச்சு அசல் ஹெரால்டின் கையெழுத்து.

இந்த ஊசல் ஆக்சில் இங்குள்ள ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. அதனால் 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கேஸலில் அதே 948 எஞ்சினை வைத்துக்கொண்டு, பின்னால் இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் போட்டார்கள். 1977 வரை குறைந்த எண்ணிக்கையில் வந்து நின்றுபோன அந்த வண்டி ஹெரால்டைவிட அரிது. அதைத் 'திருத்திய ஹெரால்ட்' என்று யாராவது தள்ளிவிட்டால் எனக்கு மனம் பொறுக்காது.

கூரையில்லாத ஹெரால்டைக் கண்டால் நிதானம் தேவை. சலூனின் கூரையே போல்ட் போட்டதுதான். கழற்றிவிட்டுத் திறந்த கார் என்று சொல்லிக்கொள்வது எளிது. ஆலையிலேயே திறந்த காராகப் பிறந்ததில் உடலுக்குக் கூடுதல் வலுவூட்டம் இருக்கும். பிரிட்டிஷ் வண்டியானால் ஆலை பதித்த எண் தகட்டில் (பதிவு எண் பலகையில் அல்ல) எண்ணுக்குப் பின்னால் சி.வி. என்ற எழுத்துகள் இருக்கும்.

இனி பேச்சு. கண்காட்சியில் உரிமையாளரிடம் 'சார், என்ன விலைக்கு வாங்கினீர்கள்?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'முதலில் இதை வாங்கியது யார், சார்?' என்று கேளுங்கள். அப்பா வாங்கியதா, டாக்டர் ஒருவரிடமிருந்து வந்ததா, எத்தனை கை மாறியது என்று வண்டியின் வரலாறே வந்து கொட்டும். பானெட்டை அவரையே திறக்கச் சொல்லுங்கள். இருபுறமும் உள்ள கொக்கிகளை விடுவித்ததும் மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்கு முழுவதும் முன்னால் சாயும். நின்ற இடத்திலிருந்தே எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் தெரியும். வேண்டுமானால் டயர்மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். அந்த நேரத்தில் வேகமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண்ணை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், மோசடிக்குப் பயன்படும்.

மற்ற ஆர்வலர்களிடம் சொல்லும்போது மூன்றைப் பிரித்துச் சொல்லுங்கள்: நான் கண்ணால் பார்த்தது, உரிமையாளர் சொன்னது, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது. மூன்றையும் குழப்பினால்தான் சண்டை வருகிறது. ஆர்.சி.யில் இருப்பது பதிவான ஆண்டு; தயாரான ஆண்டு சற்று முந்தியதாக இருக்கலாம். 'இந்தியாவிலேயே இது ஒன்றுதான்' என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எஞ்சினும் உடலும் மாறாமல் இருக்கிறதா என்பது வெறும் அரட்டை விஷயமல்ல. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிதான் விண்டேஜ், அதாவது பழம்பெரும் வண்டி என்ற தனிப் பதிவுக்குத் தகுதி பெறும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். தினசரிப் பயணத்துக்கு அதை ஓட்ட முடியாது. வேறு எஞ்சின் ஏற்றிய ஹெரால்டை வாங்க நினைப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன் உரிமையாளரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: முன்சக்கர டிரன்னியனுக்கு (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்ப உதவும் மரை போட்ட அடி இணைப்பு) என்ன போடுகிறீர்கள்? கிரீஸ் என்றால், இனி 90 கியர் ஆயில் விடச் சொல்லுங்கள். அங்கே மரையோடு மரை திரும்ப வேண்டும். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல் மரை தேய்ந்து துருப்பிடித்தால், ஓடும்போதே முன்சக்கரம் மடங்கிவிடும்.