முக்கோண மூலக்கூறின் சுழற்சியைப் படிப்பது எப்படி?

விண்வெளியில் முதன்முதலாக இனங்காணப்பட்ட ஹைட்ரோகார்பன் வளையம் சைக்ளோபுரோப்பெனிலிடீன். மூன்று கார்பன் அணுக்கள் முக்கோணமாய்க் கைகோத்து நிற்க, அவற்றில் இரண்டோடு ஆளுக்கொரு ஹைட்ரஜன். 1985-இல் வானியற்பியலாளர் பாட்ரிக் தாடியஸ் குழுவினர் இதை ஆய்வகத்தில் உண்டாக்கி, ரேடியோ தொலைநோக்கிகளில் பெயர் தெரியாமல் கிடந்த வரிகள் (குறிப்பிட்ட அதிர்வெண்களில் தெரியும் அலைத் தடங்கள்) இதனுடையவை என்று நிறுவினார்கள். 2020-இல் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனிலும் இது கண்டறியப்பட்டது.

படி 1: உண்டாக்குங்கள்
இதைப் புட்டியில் அடைத்து வைக்க முடியாது. கிடைத்ததோடு உடனே வினைபுரிந்துவிடும். அதனால் அசெட்டிலீன், ஹீலியம் கலவையை மிகக் குறைந்த அழுத்தத்தில் நீண்ட குழாயில் ஓடவிட்டு, உள்ளே மின்சாரம் பாய்ச்ச வேண்டும். குழாய் ஒளிரும். அந்த ஒளிர்வுக்குள்தான் நம் வளையம் பிறக்கிறது.

படி 2: தேடுங்கள்
ஒரு முனையில் மில்லிமீட்டர் அலையைச் செலுத்தி, மறுமுனையில் உணரியை வைத்து, அதிர்வெண்ணை மெல்ல நகர்த்துங்கள். மூலக்கூறு அலையை விழுங்கி அடுத்த சுழற்சி நிலைக்குத் தாவும் இடத்தில் ஒரு வரி தெரியும்.

படி 3: சந்தேகப்படுங்கள்
புதியவர்கள் அவசரத்தில் தாண்டிவிடும் படி இது. மின்சாரத்தை நிறுத்துங்கள், வரி மறைய வேண்டும். குழாயருகே காந்தம் வையுங்கள். இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுத் துண்டுகளின் வரி சிதறும், இதன் வரி அசையாது.

படி 4: கணக்கிடுங்கள்
அளந்த வரிகளுக்குப் பொருந்தும் சுழற்சி மாறிலிகள் (மூன்று அச்சுகளிலும் மூலக்கூறு சுழலும் விதத்தைச் சொல்லும் எண்கள்) மூன்று: ஏ = 35092.6, பி = 32212.9, சி = 16749.3 மெகாஹெர்ட்ஸ். இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு வரி வர வேண்டிய இடம் ஏ − சி = 18343.3, அளவீடு 18343.1. இன்னொரு வரிக்கு ஏ + 3சி = 85340.5, அளவீடு 85338.9. இரண்டாவதில் குறையும் 1.6 மெகாஹெர்ட்ஸைப் பிழையென்று ஒதுக்காதீர்கள். வேகமாகச் சுழலும்போது மூலக்கூறு இம்மியளவு நீள்கிறது. அந்த நீட்சியைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

படி 5: வடிவத்தைப் பாருங்கள்
505379 என்ற நிலையான எண்ணை ஒவ்வொரு மாறிலியாலும் வகுத்தால் நிலைமத் திருப்புத்திறன்கள் (அந்தந்த அச்சைச் சுற்றி நிறை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதன் அளவு) கிடைக்கும்: 14.40, 15.69, 30.17. அசையாத தட்டையான பொருளுக்கு முதலிரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமம். இங்கே கூட்டினால் 30.09. மிஞ்சும் 0.08, ஒருபோதும் ஓயாத அணுக்களின் அதிர்வால் வருவது. ஆக, நம் முக்கோணம் காகிதம்போல் தட்டையானது.