புரட்டாசி வெயிலில் வற்றல்: தோட்டத்துக் காயைச் சேர்த்து வைக்கும் முறை

ஆடிப்பட்டத்தில் விதைத்தவர்களுக்கு இப்போது ஒரே தொல்லைதான், காய் மிஞ்சிப்போகிறது. கொத்தவரை, வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வந்து நிற்கும். பக்கத்து வீட்டில் கொடுக்கலாம் என்று போனால், அவர்கள் தங்கள் கத்தரிக்காயை நம் பையில் போட்டு அனுப்புவார்கள்.

செங்கோட்டைப் பக்கம் எங்களுக்கு வெயிலும் அளந்துதான் கிடைக்கும். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் சாரல் ஆவணி வரைக்கும் இழுக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். நடுவில் இருப்பது புரட்டாசி மட்டும். ‘பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்று சும்மா சொல்லவில்லை. மத்தியானம் கொளுத்திவிட்டுச் சாயங்காலம் இடி இடிக்கும். அதனால் மாதம் பிறந்ததும் வேலையைத் தொடங்கி, அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள்.

முதல் பறிப்பு முழுவதும் சமையலுக்குத்தான். அவியலும் கூட்டும் வதக்கலுமாகத் தின்று தீர்த்த பிறகு மிஞ்சுவதைக் காய வையுங்கள். விதை திரண்ட கொத்தவரை வற்றலுக்கு ஆகாது, பொரித்தாலும் நாராகவே இருக்கும். தக்காளியை வெயிலில் போட வேண்டாம். இந்த ஈரக்காற்றில் காய்வதற்குள் புளித்துவிடும், தொக்காக வதக்கிவிடுவதே மேல். பூசணியைக் காம்போடு அறுத்துத் தரையில் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். சேனையைக் கழுவாமல் நிழலில் போட்டு வையுங்கள்.

சரி, கொத்தவரங்காய். முனையையும் நாரையும் கிள்ளிவிட்டு, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் 3, 4 நிமிடம் விடுங்கள். கையில் எடுத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், குழையக் கூடாது. குழைந்தால் காய்ந்ததும் வெறும் தோல்தான் மிஞ்சும். உப்பு விஷயத்தில் கை தாராளம் வேண்டாம். ஒரு கிலோ காய், காய்ந்தபின் ஏறத்தாழ 200 கிராம்தான் நிற்கும். போட்ட உப்பு மட்டும் அப்படியே இருக்கும். பொரியலுக்குப் போடுவதைவிடக் குறைவாகவே போடுங்கள்.

மோர் மிளகாய்க்குக் குண்டு மிளகாய் அல்லது வெளிர்ப்பச்சையாக இருக்கும் காரம் குறைந்த வகை. அரை கிலோ மிளகாய்க்கு அரை லிட்டர் புளித்த தயிர், 50 கிராம் கல் உப்பு, கொஞ்சம் வெந்தயத்தூள். காம்பை எடுக்காமல் நுனிப்பக்கம் மட்டும் கீறி, கடைந்த தயிரில் இரண்டு இரவு ஊற விடுங்கள். பாத்திரம் பீங்கான் பரணியோ கண்ணாடியோதான். அலுமினியத்திலும் பித்தளையிலும் புளிப்பு வைக்கக் கூடாது. மூன்றாம் நாள் காலையில் வடித்து வெயிலில் போட்டு, சாயங்காலம் திரும்ப அதே மோரில். மோர் முழுவதும் மிளகாய்க்குள் போகும் வரை இப்படியே. அப்புறம் வெறும் காய்ச்சல்தான்.

எதில் காய வைப்பது? தார்ப்பாய் வேண்டவே வேண்டாம், அடியில் வேர்த்துப்போகும். ஓலைப்பாய் நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது கயிற்றுக் கட்டிலில் விரித்த பழைய வேட்டி, கீழிருந்தும் காற்று வரும். மேலே ஒரு கொசுவலை போட்டுவிட்டால் காக்கைத் தொல்லையும் இல்லை.

பெரும்பாலும் வற்றல் கெடுவது வெயில் போதாமல் அல்ல, கடைசி நாள் அவசரத்தில்தான். மூன்றாம் நாளே மேல்தோல் சலசலக்கும், காய்ந்துவிட்டது என்று தோன்றும். உள்ளே ஈரம் இருக்கும். கைக்கு வந்ததை ஒடித்துப் பார்க்காதீர்கள், இருப்பதிலேயே தடித்ததைத் தேடி எடுத்து ஒடியுங்கள். டப்பென்று ஒடிந்தால் சரி, வளைந்தால் இன்னும் ஒரு நாள். தினமும் நாலரை மணிக்கே எடுத்து உள்ளே வையுங்கள். வெயில் தாழ்ந்ததும் காற்றில் ஏறும் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும், பகல் முழுவதும் காய்ந்தது வீணாகிவிடும்.

காய்ந்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. இது ரொம்ப முக்கியம். உள்ளே ஆவி கட்டி, மூடியில் வேர்த்து, அந்தத் துளிகளே பூஞ்சை பிடிக்கப் போதும். முறத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பிறகு அடையுங்கள். முதல் ஒரு வாரத்துக்கு எவர்சில்வர் டப்பா வேண்டாம், கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். உள்ளே மூட்டம் தெரிந்தால் உடனே கொட்டி மறுபடி வெயிலில் போடலாம். பூஞ்சை கண்ணில் பட்டுவிட்டதென்றால் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். துடைத்துக் காய வைப்பது பலர் செய்வதுதான், ஆனால் மிளகாயில் வளரும் சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு எண்ணெயில் பொரித்தாலும் போகாது.

நடுவில் மழை பிடித்துக்கொண்டால் மலையாள வழி இருக்கவே இருக்கிறது, உப்பிலிட்டது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், எங்கள் அடுக்களைகளில் பாதி அந்தப் பக்கத்துப் பழக்கம். 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கல் உப்பைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறியதும் ஒரு டம்ளர் வினிகர் சேர்த்து, காந்தாரி மிளகாயோ நெல்லிக்காயோ அதில் முங்கும்படி போட்டு மூடுங்கள். மேலே மிதக்கும் காய்தான் முதலில் கெடும், அதனால் சிறு கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து அழுத்தி வையுங்கள். வேகவைத்த காயை வெறும் நல்லெண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பது மட்டும் வேண்டாம். புளிப்பில்லாத காய் காற்றுப் புகாமல் எண்ணெய்க்குள் இருந்தால், வாடையே காட்டாமல் விஷமாகலாம்.

பிற்சேர்க்கை: ஃபிளாட்டில் இருப்பவர்கள் சிலர் ஓவனில் காய வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வைக்கலாம். வெப்பம் 60 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஆவி போகக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று 100 டிகிரியில் வைத்தால் மேல்தோல் இறுகி உள்ளீரம் அடைபட்டுவிடும். தடித்த காயை ஒடித்துப் பார்க்கும் சோதனை ஓவனுக்கும் அதேதான். மோர் மிளகாயை ஓவனில் வைத்தால் அடித்தட்டில் ஒரு தட்டு வையுங்கள், மோர் சொட்டிக் கருகினால் அந்த வாடை அடுத்த கேக் வரைக்கும் போகாது.