மலிவான டிக்கெட்டை நம்பி நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: குடும்பக் கோடைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போவது என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் விமானக் கட்டணத்தைத்தான் தேடுகிறார்கள். எந்த நாட்டுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதோ அந்த நாடே போகும் இடமாகிவிடுகிறது. கையில் இருக்கும் பணம் அளவானது என்னும்போது இது விவேகமான வழியாகத் தோன்றும். கணக்கு தவறத் தொடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட்டுக்குக் கொடுப்பது ஒருமுறைச் செலவு. தங்குவது, சாப்பிடுவது, ஊருக்குள் சுற்றுவது ஆகியவை நாள்தோறும், அதுவும் தலைக்கு இவ்வளவு என்று ஆகும் செலவு. நான்கு பேர் பத்து நாள் தங்கினால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு வெறும் 15 யூரோ கூடினாலும் மொத்தத்தில் 600 யூரோ கூடிவிடும். ஜூரிக்குக்குச் சலுகையில் கிடைத்த டிக்கெட், வியட்நாமின் ஹனோய்க்கான டிக்கெட்டைவிடக் குறைவாகவே இருக்கலாம்; ஆனால் சுவிட்சர்லாந்தில் இரண்டு வேளை வெளியே சாப்பிட்டு எழுந்தால் அந்தச் சலுகை கரைந்துவிடும். ஆகவே ஊர்களை ஒப்பிடும்போது, வீட்டு வாசலை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பி வந்து சேரும் வரை முழுக் குடும்பத்துக்கும் ஆகும் மொத்தத் தொகையை நாட்களால் வகுத்துப் பார்த்து ஒப்பிட வேண்டும். அந்த எண்ணை முதலில் எழுதிவைத்துக்கொண்டால், மற்றத் தவறுகளில் பாதி தானாகவே கண்ணில் படும்.

திரையில் தெரியும் டிக்கெட் விலையும் முழு விலை அன்று. குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் கையோடு கொண்டுபோக ஏழு கிலோ அளவுக்கே அனுமதி உண்டு. பெட்டிக்குத் தனிக்கட்டணம், இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக்கட்டணம். சிறு குழந்தையோடு போகிறவர்கள் பிரிந்து உட்கார முடியாது என்பதால் பிந்தைய கட்டணமும் பல சமயம் தலையில் விழும். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் பயணம் செய்யலாம் என்றாலும் வயதைக் கணக்கிடுவது பயண நாளை வைத்துத்தான். போகும்போது மடியில் இருந்த குழந்தைக்கு அங்கே இருக்கும்போதே இரண்டாவது பிறந்த நாள் வந்துவிட்டால், திரும்பும்போது அதற்கும் ஓர் இருக்கை வாங்கியாக வேண்டும்.

இறங்கும் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பெயரில் பாரீஸ் இருந்தாலும் போவே விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஹான் நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில். தனி ஆளுக்கு இது பேருந்துக் கட்டணத்தோடு முடிகிற சங்கதி. நான் ஒருமுறை இப்படி ஊருக்கு வெளியே இருந்த ஒரு நிலையத்தில் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் குடும்பத்தோடு இறங்கினேன். கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. ஒரு பிள்ளை பெட்டியின்மேல் சாய்ந்து தூங்க, மற்றொன்று பசிக்கிறது என்று அழ, கேட்ட தொகையைக் கொடுத்து டாக்சியில் ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட அந்த ஒரு சவாரிக்குக் கொடுத்தது அதிகம். இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்கி இணைப்பதும் இதே வகையைச் சேர்ந்த தவறுதான்: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்காக இடையில் உள்ள நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம்.

அடுத்தது, நம் கோடையையே போகும் ஊரின் கோடை என்று எண்ணிக்கொள்வது. ஜூலையில் சிட்னியில் குளிர்காலம். தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவில் மே முதல் அக்டோபர் வரை பருவமழை. கடல் கொந்தளித்து, குளிக்கக் கூடாது என்று கரையில் சிவப்புக் கொடி பறக்கும் நாட்கள் அதிகம். அதே மாதங்களில், அதே நாட்டின் மறுபுறம் இருக்கும் சமுய் தீவில் நிலைமை பெரும்பாலும் மேல். இலங்கையிலும் அப்படித்தான்: தென்மேற்குக் கரை மழையில் நனையும்போது கிழக்கே திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும். துபாயில் ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. விடுதிகள் அப்போது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுவே. மலிவாக இருப்பதால் போகக் கூடாது என்பதில்லை. பகலெல்லாம் அறையிலும் மாலை நேரத்தில் நீச்சல் குளத்திலும் கழிப்பதில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் விலை ஏன் இறங்கியது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ஐரோப்பாவுக்கென்றால், பள்ளி நாட்கள் இடம்கொடுக்கும் பட்சத்தில், ஆகஸ்ட் நடுவிலிருந்து பயணத்தை ஜூன் முற்பகுதிக்கு நகர்த்துவதைப் போலச் செலவைக் குறைக்கும் உபாயம் வேறு அதிகம் இல்லை.

அறை தேடும்போது பலரும் இரண்டு பெரியவர்கள் என்று மட்டும் பதிந்து விலை பார்க்கிறார்கள். பிள்ளைகளை அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. பல நகரங்களில் சாதாரண அறை இருவருக்கானது, மிஞ்சினால் மூவருக்கானது. நான்கு பேராகப் போய் நின்றால் வரவேற்பு மேசையில் இரண்டாவது அறையை அன்றைய விலைக்கு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் உள்ளபடி பதிந்து தேடினால்தான் உண்மையான விலை தெரியும். சமையலறையோடு கூடிய சிறு அடுக்ககம் விடுதி அறையைவிடச் சற்று விலை கூடினாலும், காலை உணவையும் இன்னொரு வேளையையும் அங்கேயே முடித்துக்கொண்டால் மொத்தத்தில் லாபம்தான். நகருக்கு வெகு தொலைவில் மலிவாகத் தங்குவது இதற்கு நேர்மாறு: மிச்சமாகும் தொகையைத் தினமும் நான்கு பேரின் ரயில் கட்டணம் தின்றுவிடும். அறை விலையில் சேராத வரிகளும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறைக் கட்டணத்தில் 12.5 விழுக்காடு சுற்றுலா வரி. பாலித் தீவு அதே ஆண்டிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு 1,50,000 இந்தோனேசிய ரூபியா வாங்குகிறது.

இவ்வளவு செலவு செய்து போகிறோமே என்று பத்து நாளில் ஐந்து நாடுகளைப் பார்க்க முயல்வது, என் பார்வையில், பணத்தையும் பொறுமையையும் ஒருசேர இழக்கும் வழி. ஒவ்வோர் இடமாற்றமும் அரை நாளை விழுங்கும். அதேபோல், ஒரே கட்டணத்தில் பல இடங்களைப் பார்க்க உதவும் சுற்றுலா அட்டையை எல்லோருக்கும் சேர்த்து வாங்குவதற்கு முன் பிள்ளைகளுக்கு எங்கெங்கே கட்டணமே இல்லை என்று பாருங்கள். பாரீஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இலவசம் (செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம்). லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிகளைக் காண யாருக்குமே கட்டணம் கிடையாது. ஜப்பானிய ரயில்களில் 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம்.

விசா தேவைப்படும் நாடு என்றால், விசா கிடைக்கும் முன்பே பணம் திரும்பக் கிடைக்காத முன்பதிவுகளைச் செய்வது பெரிய ஆபத்து. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. பெற்றோர் இருவரோடு எட்டும் பத்தும் வயதான இரு பிள்ளைகள் இருந்தால் 270 யூரோ ஆயிற்று. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு தனி. தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா போன்ற நாடுகளுக்குப் போகக் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பெரியவர்கள் தங்களுடையதைப் பார்த்துவிட்டு அலமாரியை மூடிவிடுவார்கள். பிள்ளைகளின் கடவுச்சீட்டு பல நாடுகளில் ஐந்தே ஆண்டுக்குத் தரப்படுவதால் அதுதான் முதலில் காலாவதியாகிக் கிடக்கும். தாயோ தந்தையோ தனியாகப் பிள்ளையை அழைத்துப் போவதானால் மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் சரிபார்த்துப் போன பிறகும், பணம் சொட்டுச் சொட்டாய் ஒழுகும் இடம் ஒன்று உண்டு. கடையில் கார்டைச் செருகியதும் இயந்திரத்தின் திரையில் இரண்டு தொகைகள் வரும்: ஒன்று அந்த ஊர் நாணயத்தில், மற்றது உங்கள் நாட்டு நாணயத்தில். பழகிய நாணயத்தில் பார்த்ததும் மனம் அதன் பக்கமே சாயும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அன்று, கடைக்காரர் தரப்பு. அதில் அவர்களுடைய லாபமும் கலந்திருக்கும். பின்னால் வரிசை நிற்கிறது, பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது என்றாலும் ஒரு நொடி நின்று, அந்த ஊர் நாணயத்தையே அழுத்துங்கள்.