விரலில் கத்தி பட்டால் முதல் மூன்று நாள் என்ன செய்வது

எங்கள் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், மாதத்துக்கு ஒரு தடவையாவது இடது கைவிரலில் கத்தி பட்டு வந்து நிற்பார். வீட்டில் உடனே காப்பித்தூள் டப்பாவைத் திறப்போம். சின்ன வயதில் நானே அள்ளி வைத்திருக்கிறேன். ஒரு தடவை அந்தக் காயம் சீழ் பிடித்து மணிக்கட்டு வரைக்கும் வீங்கின பிறகுதான், நம் உடம்பு அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். அது தெரிந்துவிட்டால் நாம் எதைச் செய்யவேண்டும், எதில் கை வைக்கக்கூடாது என்பது தானாகப் புரியும்.

முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள், பத்து நிமிஷம் திறந்து பார்க்காதீர்கள். நின்றதா நின்றதா என்று ஒவ்வொரு தடவை துணியை எடுக்கும்போதும் உறைகிற ரத்தம் பிய்ந்துகொண்டு வரும். ரப்பர் மரத்தைப் பாருங்கள்: பட்டையில் வெட்டினால் பால் இரண்டு மூன்று மணி நேரம் வடிந்து தானாக நின்றுவிடும், வெட்டின கோட்டில் ஒட்டுப்பாலாக உறைந்து மூடிவிடும். அந்தப் பாலில் ஹெவீன் என்று ஒரு புரதம் இருக்கிறது. பால் உறைவதற்கும் உதவும், பூஞ்சையையும் தடுக்கும். நம் ரத்தம் ஃபைப்ரின் என்ற நூல்வலை பின்னி அதே வேலையைச் செய்கிறது. மறுவெட்டுக்கு முன்னால் அப்பா ஒட்டுப்பாலை உரித்து எடுப்பார், மரம் தாங்கும். விரலில் கட்டின பொருக்கை அப்படி உரிக்காதீர்கள், அதற்குக் கீழேதான் புதுத்தோல் வளருகிறது.

ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். மண், பட்டைத்தூள், மீன் செதில் எது ஒட்டியிருந்தாலும் போகவேண்டும், ஏனென்றால் உள்ளே தங்குகிற ஒவ்வொரு துணுக்கோடும் கிருமியும் தங்கும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணம் எதுவும் வேண்டாம். தண்ணீர் கலக்காத டெட்டாலும் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்து கிருமி சாகிறது என்று நினைக்கிறோம், ஆனால் அந்த நுரை நம் ரத்தமும் திசுவும் பட்டாலே வருவது, புண்ணை ஆற்றவேண்டிய நம் செல்களையும் அது சேர்த்தே கொல்லும்.

அப்புறம் சிவக்கும், சூடாகும், வீங்கும். பயப்படாதீர்கள். தோலுக்கடியில் காவல் இருக்கிற செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை விடுவதால் ரத்தக்குழாய் அகலமாகி, அதன் சுவரில் சின்னச் சின்ன இடைவெளி உண்டாகி, அது வழியாக நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் சில மணி நேரத்துக்குள் கூட்டமாக வந்து சேருகின்றன. கிருமியை அப்படியே விழுங்கிச் செரிக்கும். விழுங்கி முடியாவிட்டால் தன் டிஎன்ஏவையே வலையாக விரித்து வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். 2004ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். குளச்சலில் வீச்சுவலை விரிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இப்படிச் சண்டை போட்டுச் செத்த அணுக்கள்தான் சீழ். அதைப் பிதுக்கினால் கிருமியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடுவீர்கள்.

செல்கள் இப்படி மொய்ப்பது உடம்பைக் காக்கத்தான் என்று கண்டுகொண்டவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882ல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. 1908ல் நோபல் பரிசு வாங்கினார். உங்கள் கையில் கெளுத்தி முள் முறிந்து உள்ளே நின்றாலும் இதே கதைதான்: செல்களால் முள்ளைச் செரிக்க முடியாது, சுற்றி மொய்த்துக்கொண்டே இருக்கும், முள்ளை எடுக்காமல் அந்தச் சிவப்பும் சீழும் அடங்காது.

உடம்பு ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று தெரிந்துகொள்ள, சிவந்த இடத்தின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். அப்பாவின் விரலில் இப்போது இதைத்தான் செய்கிறேன். சிவப்பு கோட்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் நாள் வெளுத்தால் சரி. கோட்டைத் தாண்டிப் பரவினால், கையில் மேல்நோக்கிச் சிவப்பு வரி ஓடினால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை கூடுதலாக இருப்பவர்களுக்கு வெள்ளையணுக்கள் மந்தமாகத்தான் வேலை செய்யும், அவர்கள் சின்னக் காயத்தைக்கூட ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். ஆறாத காயத்தோடு வயல் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமி அது வழியாகவே உள்ளே போகலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் இந்தக் காவலை நம்பிச் சும்மா இருக்கவே கூடாது. மண் பட்ட ஆழமான காயம் என்றால், டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்று பார்த்து டாக்டரிடம் கேளுங்கள். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது, அது ஏறும்போது விரலில் சிவப்பும் இருக்காது, வீக்கமும் இருக்காது.