நன்னாரி சர்பத்: மணம் எங்கே போகிறது?

பங்குனி வெயில் ஏறியதும் எங்கள் செங்கோட்டைப் பக்கம் பலருக்கு ஆச்சி கைப்பக்குவம் ஞாபகம் வந்துவிடும். "நாங்களே நன்னாரி சர்பத் போட்டோம், அந்த ருசி வரலையே" என்று வருடா வருடம் ஒரே புலம்பல். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது. மலை தாண்டினால் கேரளம், அங்கே பெட்டிக்கடைகளில் இந்தச் சர்பத்தைப் பார்க்கலாம். பழகிய நாக்கை ஏமாற்றுவது கஷ்டம். வேரைக் கழுவு, பாட்டிலைக் காயவை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். சர்பத்தைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வேரைப் போட்டுக் கொதிக்கவிடுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். போன கோடையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி நல்ல வேராக வாங்கி, அகலப் பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டாள். "வாசம் தெருமுனை வரைக்கும் வருது சித்தி!" என்று பெருமை வேறு. தெருவுக்குப் போன வாசம் பாட்டிலுக்கு எப்படி வரும்? கடைசியில் மிஞ்சியது பழுப்பு நிறச் சர்க்கரைத் தண்ணீர். வேருக்குக் கொடுத்த காசும் போச்சு.

நன்னாரிக்கு மணம் தருவது வெனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய ஒன்று; ஆவியோடு பறந்துவிடும். அது இருப்பதும் பட்டையில்தான். வேரை அம்மியில் வைத்துத் தட்டினால் பட்டை பிளந்து, நடுவில் வெளுத்த குச்சி தனியாக வரும். முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாசம் இராது. அதை எறிந்துவிட்டு, பட்டையை இடித்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, இறுக மூடி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி வையுங்கள். பாகைத் தனியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியதும் ஊறல் நீரை ஊற்றிக் கலக்கி, உடனே மூடுங்கள். ஊறல் நீரை மறுபடி அடுப்பில் ஏற்றுவதும் அதே தவறுதான்.

சர்க்கரையைக் குறைப்பது

ஒரு கிலோ சர்க்கரைக்கு ஊறல் நீரும் பாகு நீரும் சேர்த்து அரை லிட்டர். இனிப்பு அதிகம் என்று பயந்து தண்ணீரைக் கூட்டினால் சில நாளில் நுரைத்துப் புளித்துவிடும். குடிக்கும்போது தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாமே.

வெல்லம்

வேண்டாம். பானகத்துக்கு வையுங்கள்.

தடித்த வேரை வாங்குவது

விரல் தடிமனுக்குச் சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக்கிழங்காக இருக்கலாம். வாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் ஏமாறுகிறோம். ஊறுகாய்க்கு அருமை. நன்னாரி வேர் கம்பி மாதிரி மெலிசாக, கரும்பழுப்பாக இருக்கும்.

எலுமிச்சை

டம்ளரில் மட்டும் பிழியுங்கள், பாட்டிலில் அல்ல.