தசை, டெண்டன், லிகமென்ட்: உங்கள் உடம்பிலேயே தொட்டுப் படிக்கலாம்

மனித உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் இருக்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள். எனக்கு அது ஒத்துவரவே இல்லை, விரலால் தொட்டுப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது மண்டையில் ஏறியது. ஒரு நாற்காலி, தோலில் எழுதி அழிக்கக்கூடிய பேனா, ஒரு நல்ல அச்சுப் படம் போதும். முப்பரிமாணச் செயலிகள் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அவற்றில் தோலை ஒரே தட்டில் நீக்கிவிடலாம், நம் விரலுக்குக் கிடைப்பதோ தோலோடு சேர்ந்த உடம்பு.

படி 1: தசை

முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வையுங்கள். மறு கையால் மேற்கையின் முன்பக்கத்தைப் பிடித்தபடி உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். பைசெப்ஸ் புடைக்கும். கையை மடக்குவது மட்டும் அதன் வேலை இல்லை, முன்கையைத் திருப்புவதும் அதுதான். தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. அதனால்தான் கையை நீட்ட பின்பக்கம் ட்ரைசெப்ஸ் இருக்கிறது.

படி 2: டெண்டன்

அதே நிலையில் விரலை முழங்கை மடிப்புக்கு இறக்கினால் கெட்டியான ஒரு கயிறு தட்டுப்படும். அதுதான் பைசெப்ஸின் டெண்டன், அதாவது தசையை எலும்போடு கட்டும் பகுதி. (அதற்குச் சற்று உள்பக்கம் நாடி துடிப்பதும் தெரியும், அங்கே ரத்தக்குழாய் போகிறது, அழுத்தாதீர்கள்.) அப்புறம் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்நோக்கி மடக்குங்கள். நடுவில் எழும் மெல்லிய கயிறு பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் டெண்டன்.

படி 3: லிகமென்ட்

நான் அதிக நேரம் திணறியது இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். லிகமென்ட் எலும்பை எலும்போடு கட்டுவது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் விரலுக்கு டெண்டனும் லிகமென்டும் ஒரே மாதிரி கயிறாகத்தான் தெரியும், ஏனென்றால் இரண்டுமே பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தின் நார்களால் ஆனவை.

நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலின் கணுக்காலை மறு தொடைமேல் போட்டு, முட்டியை வெளிப்பக்கம் சாயவிடுங்கள். முட்டியின் வெளிப்பக்கம், தொடை எலும்புக்கும் கீழே இருக்கும் சிறு எலும்புக் குமிழுக்கும் நடுவே, பென்சில் போல ஒன்று உருளும். அது வெளிப்பக்க லிகமென்ட். இப்போது காலைத் தரையில் ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னால் இழுப்பது போல முயலுங்கள். முட்டியின் வெளிப்புறப் பின்பக்கத்தில் இன்னொரு கயிறு விறைக்கும். இதுவும் அதே குமிழில்தான் போய் ஒட்டுகிறது, அதனால்தான் குழப்பமே. இது தொடையின் பின்தசையிலிருந்து வரும் டெண்டன்.

தசையை இறுக்கினால் விறைத்து, விட்டால் தளர்ந்தால் அது டெண்டன். தசை முழுவதும் தளர்ந்திருக்கும்போதும் மூட்டு இருக்கும் நிலையால் மட்டுமே இறுகினால் லிகமென்ட். பேனாவால் இரண்டையும் தனித்தனியாகக் கோடிட்டுக்கொண்டால் மறக்காது. அந்தக் குமிழுக்குப் பின்னால் ஒரு நரம்பு மேலாகவே போகிறது, சுரீரென்றால் விரலை எடுத்துவிடுங்கள். முட்டியில் அடிபட்டவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

படி 4: ஃபேசியா

தசைகளைப் போர்த்தியிருக்கும் இணைப்புத்திசு (உடலின் பாகங்களை இணைத்துத் தாங்கும் திசு வகை) விரிப்பு இது. பெருவிரலை மேல்நோக்கி வளைத்தால் உள்ளங்காலில் ஒரு பட்டை இறுகும், அது பாத ஃபேசியா. ரத்தம், எலும்பு, கொழுப்பு, காது மடலின் குருத்தெலும்பு எல்லாமே இணைப்புத்திசுக்கள்தான், ஆனால் அதற்குள் இப்போது போக வேண்டாம்.

பின்சேர்க்கை: மணிக்கட்டில் நடுக் கயிறு வரவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பால்மாரிஸ் லாங்கஸ் பலருக்குப் பிறப்பிலேயே இருப்பதில்லை, ஒரு கையில் மட்டும் இல்லாதவர்களும் உண்டு, பிடிப்பின் பலம் அதனால் குறைவதில்லை. நடுவுக்குச் சற்றுக் கட்டைவிரல் பக்கமாகத் தெரிவது வேறு தசையின் டெண்டன், அதை இதுவென்று எண்ணிக் குறித்துவிடாதீர்கள். இரண்டு கையிலும் பார்த்துவிட்டு அப்புறம் கோடு போடுங்கள்.